காவல்காரருக்கு ஒரு நாள் லீவு

கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பேர் ‘இழுத்துப் பார் அண்ணன்’. எந்தப் பூட்டைப் பூட்டினாலும் ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் அந்தக் காவல்காரர் நகரமாட்டார். இது கிடங்கோடு நின்றால் சரி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். கூடவே அவர் நாயும் திரும்பி வரும்.

ஒரு காது மடிந்த பழுப்பு நாய். ரோந்தில் அதுதான் முன்னால் நடக்கும். ஒவ்வொரு கதவடியிலும் மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அவர் பூட்டை இழுத்து, சாவிக்கொத்து சலசலத்தால்தான் அடுத்த கதவுக்கு எழுந்திருக்கும். அந்த அதிகாரத்தைப் பார்த்து அதற்கு சூப்பர்வைசர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அவர் மனைவி தையல் கம்பெனியில் காஜா போடுகிறவள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எதிரே குன்றின்மேல் பழைய கோட்டை தெரியும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கு ஒரே ஆசைதான். அந்த உச்சியில் புருஷன் பக்கத்தில் நின்று, அங்கிருந்து தங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். வானத்து நிலாவையா கேட்டாள்? ஆனால் லீவு நாளிலும் கிடங்கிலிருந்து ஆள் வந்தால் போதும், இவர் செருப்பை மாட்டிவிடுவார். இப்போது அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன். அதற்கப்புறம் ஏற முடியுமோ என்னவோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

“ஒரே ஒரு நாள் காவல்காரரா இல்லாம என்கூட வாங்க, போதும்” என்று கேட்டாள். அவரும் கடவுளை நினைத்துச் சரி என்றார்.

லீவு நாள் காலையில் அவளே வீட்டைப் பூட்டினாள். அவர் கை பூட்டுப் பக்கம் நீண்டது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. மூஞ்சியைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார்.

நாயைத் தனியே விட மனமில்லாமல் கூட்டிப்போனார்கள். அதற்கு லீவு என்றால் என்ன தெரியும்? வழியில் இருந்த கேட்டுக்கெல்லாம் முன்னால் உட்கார்ந்தது. இப்படியே போனால் கோட்டைக்குப் போய்ச் சேர இருட்டிவிடும் என்று, அவள்தான் பையிலிருந்த வீட்டுச் சாவியை ஆட்டி ஆட்டி அதை எழுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அந்த நடையில் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

கோட்டை வாசலில் நாய்க்கு அனுமதி இல்லை என்று பலகை தொங்கியது. வெளியே மரத்தில் கட்டிப் பார்த்தார்கள். ஊளையிட்டது. வாசல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் என்றாள்.

“நானே வாசல்ல நிக்கிறவன். இன்னொரு வாசல்ல நிக்கிறவர்கிட்ட எனக்காகக் கண்ணை மூடிக்கங்கன்னு எப்படிக் கேப்பேன்?” என்றார் அவர்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியேறினாள். அவர் நாயை அவிழ்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசல்காரர் பேச்சுக் கொடுத்தார். நீங்களும் நம்மளை மாதிரி காவல் தொழிலா என்று சந்தோஷப்பட்டார். டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன், வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். நம்மவர் எழுந்து கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் காலடியில் வந்து உட்கார்ந்தது. ஒரு கூட்டம் வர, டிக்கெட்டை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து உள்ளே விட்டார். அப்போது பாதி உயரத்து ஜன்னலிலிருந்து “ஏங்க” என்று அவள் குரல் கேட்டது. இரண்டு தரம் கேட்டது. ஆள் உள்ளே போகும்போது வாசலிலிருந்து கண்ணை எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கூட்டம் போனபின் நிமிர்ந்தார். ஜன்னல் காலியாக இருந்தது.

கொடுத்த வாக்கு என்ன, செய்துகொண்டிருக்கிற காரியம் என்ன?

வாசல்காரர் திரும்பி வந்ததும், வாழ்நாளில் யாரிடமும் கேட்காததைக் கேட்டார். “தம்பி, என் வீட்டுக்காரி மேல தனியா நிக்கிறா. இந்த நாயைக் கொஞ்சம் பாத்துக்க முடியுமா?”

“உள்ள விடக்கூடாதுன்னுதான் பலகை போட்டிருக்கு. வாசல்ல என்கூட நிக்கக்கூடாதுன்னு போடலியேண்ணே” என்று வாசல்காரர் சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் மாட்டினார். அது சலசலத்தது. நாய் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தது. ஊளையும் இல்லை ஒன்றும் இல்லை. “என்னண்ணே, வந்ததும் வேலையில சேந்துட்டான்?”

அவள் ஜன்னலைத் தாண்டி, நடுப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சிரைக்க வந்து நின்றதும், திரும்பிப் பார்க்காமலே, “டியூட்டி முடிஞ்சுதா?” என்றாள்.

“மாத்து ஆள் வந்தாச்சு.”

“யாரு?”

“சூப்பர்வைசர்.”

கோபத்தை விடக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. அவர் தோளைப் பிடித்து எழுந்து, நின்று நின்று மீதிப் படிகளை ஏறினாள்.

உச்சியில் நல்ல காற்று. அடையாளத்துக்கென்று காலையில் காயப்போட்டிருந்த நீலப் போர்வையை அவள்தான் முதலில் கண்டுபிடித்துக் காட்டினாள். அதோ அவர்கள் வீடு, தீப்பெட்டி மாதிரி. அவர் இமைக்காமல் பார்த்தார். ஏதோ கேட்க வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

“பூட்டுதானே? நீங்க மூஞ்சியத் திருப்பினதும் இழுத்துப் பாத்துட்டேன். ரெண்டு தரம்” என்றாள் அவள். “மிச்சத்தக் கடவுள் பாத்துக்குவார்.”

அவர் கழுத்துப் பித்தானைக் கழற்றிவிட்டார். அப்புறம்தான் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.