ஜோர்ஹாட்டிலிருந்து அண்ணன் வந்த தூரம்

உத்திரமேரூர் பக்கம் பெருநகர் எங்கள் ஊர். அண்ணனுக்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. லீவுக்கு எப்போதும் ரயிலில்தான் வருவார். "அவசரம்னா ஜோர்ஹாட்ல ஏரோப்ளேன் ஏறிடுவேன். பொழுது சாயறதுக்குள்ள மீனம்பாக்கம்" என்பார். நாங்கள் அதை அப்படியே நம்பினோம்.

ஒரு மார்கழியில் நைனா படுத்த படுக்கையானார். தந்தி கொடுக்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"இப்பவே இன்னாத்துக்கு புள்ளய பேஜார் பண்றது? வேணும்னா ஒரே நாள்ல வந்துரப் போறான்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

டாக்டர் கைவிரித்த பிறகுதான் தந்தி கொடுத்தோம். அங்கே பனிமூட்டத்தில் விமானம் கிளம்பவில்லை. மறுநாள் கல்கத்தா வரை வந்த அண்ணனுக்கு அங்கிருந்து சென்னைக்கு இடம் கிடைக்கவில்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நைனா, "பெரியவன் வந்துட்டானா?" என்பார். "வந்துக்கினு கீறான்" என்போம். கேட்டுக்கொண்டே கண்ணை மூடிவிட்டார்.

அண்ணன் வந்து சேர்ந்தபோது செய்யாற்றங்கரையில் சாம்பல்தான் இருந்தது.

"ஏரோப்ளேன் பறக்குற நேரத்ததான் எனக்குச் சொன்னாங்க. அதையே உங்களுக்குச் சொல்லிட்டேன்" என்று அழுதார்.

இப்போது அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் என்றாலும் பஸ் ஏறிப் போய் அன்றே அண்ணனுக்குத் தந்தி அடித்துவிடுகிறேன். அம்மா திட்டுகிறார். திட்டட்டும்.