எடைமேடையில் ஏறும் ஃபிட்டர்

நான் துணியின் தரம் பார்க்கும் வேலை செய்கிற, நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளாக ஆள் மெலிந்துகொண்டே வருகிறார். தினமும் பாதிச் சாப்பாட்டோடு டிபன்பாக்ஸை மூடிவிட்டு, துணி ரோல் எடைபோடும் மேடையில் ஏறி நிற்பார். மெலிவு, அரைச் சாப்பாடு, எடை மூன்றையும் சேர்த்துப் பார்த்து, ஏதோ நோயை மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டுக் கேட்டேன்.

"நோயெல்லாம் இல்ல கண்ணு. ஊட்டுல சின்னதா ஒரு ஏரோப்ளேன் கட்டறேன். சும்மா, பொழுதுபோக்குக்கு."

"அதுல பறக்கப் போறீங்களாண்ணா?"

"அய்யோ! என்ற ஊட்டுக்காரி கொன்னே போடுவா."

"அப்புறம் எதுக்குங்க எடை பார்க்கறீங்க?"

மேடையில் தெரிந்த எண்ணையே அவர் பார்த்தார். "இன்னும் நாலு கிலோ எறங்கோணும்."

அன்றிலிருந்து தினமும் அவர் டிபன்பாக்ஸ் பக்கத்தில் இரண்டு போண்டா வைக்கிறேன். இதுவரை ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.