மணம் வெளியே போகக்கூடாது

தயாபரன் அண்ணைமீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. பாவப்படப் பாவப்படக் கோபம்தான் கூடுகிறது.

அவருடைய மனைவி ராஜேஸ்வரி அக்காவும் நானும் சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தின் ஒரு முதியோர் இல்லச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடம் ஒன்றாகப் படுக்கை விரிப்பு மடித்தவர்கள். அண்ணைக்குத் தூர இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. கிழமையில் ஐந்து நாள் அங்கேயே பணியாளர் அறையில் தங்குவார். வீட்டுக்கு வரும் இரண்டு நாளில் ஒன்று நித்திரையிலேயே போய்விடும். "கலியாணம் கட்டி முப்பத்துநாலு வருஷம். சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் பத்து வருஷமும் தேறாது" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

ஓய்வு பெற்றதும் அண்ணை ஒரு பழைய வீட்டு வான் வாங்கினார். படுக்கை, காஸ் அடுப்பு, ஒருவர் நுழைந்தால் மற்றவர் நுழைய முடியாத குளியலறை எல்லாம் இருந்தன. குளிர்காலம் முழுக்கத் தெற்கு ஸ்பெயினில் கழிக்கப் போவதாகச் சொன்னார். கோயிலில் பலர் வாய்விட்டுச் சிரித்தார்கள். "பிள்ளையளுக்குச் சமைச்சுப் போட்டுக்கொண்டு வீட்டில இருக்க வேண்டிய வயசில வான்ல படுக்கப் போகினமாம்" என்றாள் ஒருத்தி. அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் அங்கேயே சொன்னேன்.

முதல் குளிர்காலத்தில் ஊர் ஊராக நின்று அக்கா எனக்கு வீடியோவில் கதைத்தார். ஒரு ஊரில் சுண்ணாம்பு அடித்த சுவர்கள், இன்னொன்றில் தேவாலயத்துக்கு முன்னால் தோடம்பழ மரங்கள். சந்தையில் கைப்பாஷையில் மிளகாய் வாங்கிய கதையை மூன்று தரம் சொன்னார். "இந்த மனுசன் குறட்டை விடுறது இப்பதானடி எனக்கு வடிவாத் தெரியும்" என்றார். அவ்வளவு சந்தோசமாக அக்காவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்தச் சந்தோசத்துக்குள்ளேயே அவர்கள் இன்னொன்றையும் வானில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, அவர்களுடைய வீட்டுக்கு மேல் மாடியில் இருந்த ஒரு கிழவி கறி மணக்கிறது என்று கடிதம் எழுதினாள். ஒரே ஒரு கடிதம். அகதி அந்தஸ்து முடிவாகாத காலம். முறைப்பாடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தார்கள். அன்றிலிருந்து அக்கா யன்னலைப் பூட்டி, கதவின் கீழ் ஈரத் துவாயைச் செருகிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். விசா வந்தது, குடியுரிமை வந்தது, கடிதம் எழுதிய கிழவியும் ஒரு நாள் போய்ச் சேர்ந்தாள். துவாய் மட்டும் போகவில்லை.

வானின் தரையிலும் கூரையிலும் காற்றுத் துளைகள் உண்டு. அடைக்கக் கூடாது என்று பக்கத்திலேயே படம் போட்டு ஒட்டியிருக்கும். விற்றவனும் விரலால் தொட்டுக் காட்டினான். அண்ணை தலையாட்டினார். இரண்டாவது குளிர்காலத்தில், ஸ்பெயினில் ஒரு மலைக் கிராமத்தில், பக்கத்து வான் சுவிஸின் பெர்ன் இலக்கத் தகட்டோடு நிற்பதைக் கண்டதும் அந்தத் துளைகளையெல்லாம் வெள்ளி நிற டேப் போட்டு ஒட்டினார். எனக்கு இது அன்றிரவு அக்கா போனில் சொல்லித்தான் தெரியும். "இஞ்ச வந்தும் உந்தக் கூத்தோ எண்டு கேட்டனான். கேக்கேல்லை" என்றார். நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு சொல், "கழட்டச் சொல்லுங்கோ அக்கா" என்று நானாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மழை. அக்கா ஆட்டிறைச்சிக் கறி அடுப்பில் வைத்திருந்தார். காஸ் சூடாக்கியும் எரிந்துகொண்டிருந்தது. மழை விட்டதும் அண்ணை ஊருக்குள் எண்ணெய் ஆட்டும் ஆலையைப் பார்க்கக் கிளம்பினார். இறைச்சி வேக நேரம் எடுக்கும் என்று அக்கா நின்றுவிட்டார்.

"இஞ்சேருங்கோ, கதவைத் திறந்து விட்டிட்டுப் போங்கோ. மூச்சு முட்டுது."

"பக்கத்தில சுவிஸ் ஆக்கள் நிக்கினம். கொஞ்சம் பொறு, வாறன்."

கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். ஒன்றேகால் மணித்தியாலம் கழித்துத் திரும்பியபோது கறி அடிப்பிடித்திருந்தது, அக்கா அடுப்புக்குக் கீழே கிடந்தார். அண்ணை போட்ட கூச்சலில் பெர்ன்காரரும் மனைவியும்தான் ஓடிவந்து தூக்கி வெளியே கிடத்தினார்கள். யாருக்கு மணக்கக்கூடாது என்று அடைத்தாரோ, அவர்களே.

அக்கா ஐந்து கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் பிழைத்தார். காஸ் புகை மூளையைத் தின்றுவிட்டது. மகள் மதுஜா ஸ்பெயினுக்குப் பறந்து போய்த் தாயைக் கூட்டி வந்தாள். அக்கா இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஊட்டினால் விழுங்குவார். ஒருவரையும் தெரியாது. என்னையும் தெரியாது.

போன ஞாயிறு பார்க்கப் போனேன். வெளியே பனி கொட்டுகிறது, வீட்டு யன்னல்கள் எல்லாம் ஆவென்று திறந்து கிடக்கின்றன. அண்ணை குளிர்ச்சட்டை போட்டபடி அடுப்பில் மிளகாயும் கறித்தூளும் வறுக்கிறார். அக்கா கம்பளித் தொப்பியோடு சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்.

"என்ன அண்ணை இது, விசரோ? அவ விறைக்கப் போறா."

"மணந்தால் ஏதும் கதைப்பாளோ எண்டு பாக்கிறன் பிள்ளை. கதவைத் திற எண்டு கேட்டவள். அதுதான் கடைசியாக் கேட்டது."

அந்த நேரம் வாசல் மணி அடித்தது. அண்ணை அகப்பையோடு ஓடினார். யாராவது வந்து தன்னைத் திட்டவேண்டும் என்று காத்திருந்தவர்போல இருந்தது அந்த ஓட்டம். வாசலில் மேல் மாடிப் பெண் நின்றாள். கிழவி இருந்த வீட்டுக்கு அவளுக்குப் பிறகு குடிவந்தவள். யன்னல் திறந்திருக்கிறதே, அம்மாவுக்குக் குளிராதா என்று கேட்டாள். அண்ணை ஜெர்மனில் தடுமாறி, மணம் கரைச்சல் கொடுக்கிறதோ என்று கேட்டார்.

இல்லையாம். நல்ல மணமாம். தான் வந்து ஒன்பது வருடமாம், இந்த வீட்டில் சமைப்பதே இல்லை என்று நினைத்திருந்தாளாம்.

அவள் போன பிறகு அண்ணை வந்து அக்காவின் முன்னால் குந்தினார்.

"நல்ல மணமாம், ராசேஸ்" என்றார்.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லையாக்கும் என்பதுபோல அண்ணை இன்னும் சத்தமாகச் சொன்னார். பிறகு இன்னும் சத்தமாக. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.