விசிலும் ஆறாவது எலும்பும்

ஸ்கேனுக்கு முன்னால் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்த அந்த எவர்சில்வர் விசிலில் உடம்புச் சூடு அப்படியே இருந்தது. "இத்த ஊதிப் பாத்தே, கிரவுண்டைப் பத்து ரவுண்டு ஓட வுடுவேன் பாப்பா," என்றார் பி.டி. டீச்சர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே. சாந்தோம் பள்ளி ஒன்றில் த்ரோபால் பழக்குகிறவர். இடுப்பிலிருந்து இடது கால்வரை ஷாக் அடிக்கிற மாதிரி வலி, நிற்கவே முடியவில்லை. தொண்ணூறுகளில் எம்.ஆர்.ஐ. எங்களுக்கெல்லாம் புதுசு. தேனாம்பேட்டை ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனான நான் அந்தக் காந்தக் குழாயை ஏதோ என் சொந்த வண்டி மாதிரி பீற்றிக்கொண்டு திரிந்தேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் நல்லதென்றால் படத்தில் வெளுப்பாகத் தெரியும். டீச்சருக்கு ஒன்று மட்டும் கறுத்து, பின்னால் பிதுங்கி, நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளை, கடைசியை அஞ்சு என்று வைத்துக் கீழிருந்து எண்ணி, ஃபிலிமில் 'நாலு-அஞ்சு' என்று குறித்தேன். வியாழக்கிழமை ஆபரேஷன்.

மறுநாள் அவருடைய பழைய எக்ஸ்ரேயைச் சும்மா விளக்கில் மாட்டிப் பார்த்தேன். கடைசி விலாவுக்குக் கீழே ஐந்து எலும்பு இருக்க வேண்டும். ஆறு இருந்தது. திரும்ப எண்ணினேன், ஆறேதான். சர்ஜன் விலாவிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவார். நான் எழுதியதை நம்பினால் ஒரு படி மேலே இருக்கும் நல்ல டிஸ்கைத்தான் வெட்டுவார்!

ரிப்போர்ட் எழுதும் டாக்டரிடம் போய்ச் சொன்னதும் சிரித்தார். "எனக்கே எண்ணக் கத்துத் தரியாம்மா?" நான் விடவில்லை. "கழுத்து எலும்பு எல்லாருக்கும் ஏழுதானே, ஒரே ஒரு தடவை கழுத்துலேர்ந்து எண்ணிடலாம் சார்." டீச்சரை மறுபடி வரவழைத்தேன். "திரும்பியும் அந்தப் பொந்துக்குள்ளயா? இன்னா பாப்பா, வெளாட்றியா?" தப்பு என்னுடையது என்று சொன்னேன். டீச்சர் விசிலைக் கழற்றினார். "நீயே வச்சிரு. ஓட ஆரம்பிச்சதும் வந்து வாங்கிக்கிறேன்."

கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி இறங்கினோம். டாக்டர் என் எழுத்தை அடித்து 'அஞ்சு-ஆறு' என்று எழுதிவிட்டு, சர்ஜனுக்கு அவரே போன் போட்டார்.

இப்போது மெஷின் மாறிவிட்டது, வேகமும் கூடிவிட்டது. நான் மட்டும் இன்றும் கழுத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறேன். தொடங்கும்போதெல்லாம் ஆபரேஷன் முடிந்த நாலாம் மாதத்துக் காலை ஒன்று நினைவுக்கு வரும். லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடியும் படியேறி வந்து நின்றார் டீச்சர். மூச்சுகூட வாங்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து விசிலை எடுத்து நீட்டினேன். வெயிட்டிங் ஹாலில் இருந்த அத்தனை பேரும் துள்ளி எழும்படி ஊதினார்.