மூன்றாம் மாடி மாமியின் கழுத்து

முதன்முதலாக நாலு பெண்களுக்கு ஆசனம் சொல்லிக்கொடுக்க நின்ற அன்று எனக்கு வலது எது இடது எது என்பதே குழம்பிப்போயிற்று. அவர்கள் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். "வலது காலை முன்னால வையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே நான் என் வலது காலை வைத்தேன். இரண்டு பேர் என் வார்த்தையைக் கேட்டு வலதை வைத்தார்கள். மற்ற இரண்டு பேர் என் காலைப் பார்த்து இடதை வைத்தார்கள். ஒருத்தியின் முழங்கை அடுத்தவளின் காதில் இடித்தது. அன்று சாயங்காலம் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாய் வலது என்றால் கால் இடது என்று அரை மணி நேரம் பழகினேன். ஆபீஸிலிருந்து வந்த என் கணவர் கதவருகே நின்று கொஞ்சம் பார்த்தார். பிறகு கைகால் கழுவப் போய்விட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது. பம்பாய்க்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே மூச்சிரைப்பு பிடித்துக்கொண்டது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவேன். தாதரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் ஒரு மராட்டிப் பெண் பெண்களுக்கு மட்டும் யோகாசன வகுப்பு நடத்திவந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். அங்கே பத்து மாதம் போனேன். இரைப்பு முழுக்கப் போகவில்லை என்றாலும் படுத்துத் தூங்க முடிந்தது. அதைப் பார்த்த எங்கள் கட்டடத்துப் பெண்கள், "எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போது மாட்டேன் என்று சொல்ல வராது. நான் ஆசிரியையானது அப்படித்தான்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு வகுப்பு. பத்தரை மணிக்குச் சாப்பிட்டது செரித்திருக்கும், பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் வருவதற்கும் நேரம் இருக்கும். கட்டிலைச் சுவரோரம் தள்ளி நிறுத்திவிட்டு ஜமக்காளத்தை விரிப்பேன். மூன்று மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டு ஒருத்தரும் வராமல் இருந்தால் தேவலை என்று தினமும் நினைப்பேன். தினமும் வந்துவிடுவார்கள்.

மூன்றாவது வாரத்தில் மூன்றாம் மாடி மாமி சேர்ந்தாள். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே அவர்கள் வீடு. மாமிக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் கணவருக்கு ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். பிள்ளைகள் வெளியூரில் இருந்தார்கள். கட்டடத்தில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மாமியைக் கேட்டுத்தான் செய்வார்கள். மற்றவர்கள் ஆறு கஜப் புடவையைக் கணுக்காலில் ஊக்கு குத்தி அடக்கிக்கொண்டு திண்டாடுவார்கள். மாமியோ மடிசாரோடு வந்து நின்று, "பார்த்தியோ, இதுக்குன்னே கட்டினாப்பல இருக்கு" என்பாள். அவள் வந்தால் வகுப்பில் சிரிப்பு இருக்கும். என் பேச்சு அதில் எடுபடாது.

ஒரு நாள் சர்வாங்காசனம். மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்கி, இடுப்பைக் கையால் தாங்கி, உடம்பின் பாரம் முழுவதும் தோளில் நிற்கவேண்டும். கழுத்தை அசைக்கவே கூடாது. மாமி முதல் தடவையிலேயே காலைத் தூக்கிவிட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தோள் தரையில் சரியாகப் பதியவில்லை. பாரம் கழுத்துக்கு வந்திருந்தது. முகம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இறக்கச் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. என் தாயார் வயதுள்ளவளிடம், நாலு பேர் முன்னிலையில், நீங்கள் செய்வது தப்பு என்று எப்படிச் சொல்வது? தானாக இறங்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். ஐந்து எண்ணியிருப்பேன். பக்கத்திலிருந்தவள் ஏதோ கேட்க, மாமி பதில் சொல்வதற்காக முகத்தை அவள் பக்கம் திருப்பினாள்.

ஒரு சின்ன முனகல்தான் கேட்டது. கால் தடாலென்று விழுந்தது. தூக்கி உட்காரவைத்தபோது மாமியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"ஒண்ணுமில்லடி, பயப்படாதே" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஜமக்காளத்தைச் சுருட்டாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மாமியின் கணவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சத்தம் போட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"உங்களைக் கொறை சொல்ல வரலை. ராத்திரி டாக்டர் வந்துட்டுப் போனார். தசை பிசகியிருக்காம். வலது கை விரல் மரத்துப்போறதுங்கறா, அதுதான் அவருக்கு யோசனையா இருக்கு. சொல்லிக்கொடுக்கறவா எத்தனை வருஷம் பழகினவான்னு கேட்டார். நேக்குத் தெரியலை. அதான் கேட்டுண்டு போகலாம்னு."

"பத்து மாசம்" என்றேன்.

"பத்து மாசம்" என்று அவரும் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு ஆபீஸுக்கு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து என் காது கூரையிலேயே இருந்தது. வழக்கமாகப் பத்து மணிக்கு மேல் வீட்டில் ஆட்டுக்கல் உருளும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. மாமி நடந்தால் கொலுசு கேட்காது, மெட்டி தரையில் படுவது கேட்கும். அதுவும் இல்லை. விரல் மரத்துப்போகிறது என்ற வார்த்தை என்னை விடவில்லை. அரிசி களைந்துகொண்டே என் விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். மாமிக்குக் கை விழுந்துவிட்டால் அவர்கள் வீட்டில் யார் சமைப்பது, அவளுக்கு யார் தலை பின்னுவது என்று மனசு போய்க்கொண்டே இருக்கும். வகுப்புப் பெண்களிடம் ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

"மாமி பேசறதுக்குக் கழுத்தைத் திருப்பிண்டா, அதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றார் என் கணவர்.

அவருக்கு நான் சொல்லியிருந்தது அவ்வளவுதான். அது பொய்யில்லை. ஆனால் திரும்புவதற்கு முன்னாலேயே நான் பார்த்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மேலே போனேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிச் சூடான துண்டு. விரல் மரப்பு இரண்டு நாளாக இல்லை என்றாள். அதைக் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கணவர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இவர்ட்ட அன்னிலேர்ந்து சொல்லிண்டிருக்கேன்" என்றாள் மாமி. "அந்தப் பொண்ணு மேல தப்பில்லை, நான்தான் வாயை வெச்சுண்டு சும்மா இருக்காம திரும்பினேன்னு. நீயே சொல்லு இவருக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"நீங்க திரும்பறதுக்கு முன்னாலயே பார்த்தேன் மாமி. கழுத்து சாஞ்சிருந்தது. இறக்குங்கோன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை."

பேப்பர் தாழ்ந்தது.

"பார்த்தியா?" என்றாள் மாமி.

"பார்த்தேன்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"நீங்க பெரியவா. எல்லார் முன்னாலயும் எப்படிச் சொல்றதுன்னு..."

மாமி சிரிப்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. ஒன்பது நாளாக எனக்காகக் கணவரோடு வாதாடியவள் அவள். "சரி, போயிட்டு வா" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவர்ப் பக்கம் ஒதுங்கிப் போவாள். பேசமாட்டாள்.

தாதருக்குத் திரும்பவும் போக ஆரம்பித்தேன். நடந்ததை அந்த மராட்டிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "அவங்க கழுத்தைப் பத்தி முதல்லயே விசாரிச்சியா?" என்று இந்தியில் கேட்டாள். நான் விசாரிக்கவில்லை. மாமிக்கு ஏற்கெனவே கழுத்தில் வலி இருந்ததா, தலைசுற்றல் உண்டா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் மூலையில் உட்கார்ந்து, அவள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடம்பு வளைவதால் எனக்குத் தெரியாமல் போன விஷயங்கள் அங்கேதான் தெரிந்தன. வளையாத உடம்பு எங்கே பிடிக்கிறது, எதை மறைக்கிறது என்று பார்க்கப் பழகினேன். பாரம் தப்பாக விழுந்தால் முதலில் தொண்டை இறுகும், மூச்சு நிற்கும், கால் விரல் விறைக்கும். முகம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். முகத்தை நம்பக்கூடாது.

மழை முடிந்த பிறகு இரண்டே பேரோடு மறுபடி ஆரம்பித்தேன். அதில் ஒருத்தி என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். மூன்றாம் நாள், முன்னால் குனிந்து கட்டைவிரலைப் பிடிக்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"விட்டுடுங்கோ" என்றேன். குரல் வேண்டிய அளவுக்கு மேல் உரக்க வந்துவிட்டது. அவள் கையை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள், புடவையைச் சரிசெய்துகொண்டாள், போனாள். இனி வரமாட்டாள் என்று இரவே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் மூன்றரைக்கு அவள்தான் முதலில் வந்தாள்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் மாடிப்படியில் மாமி நின்றாள்.

"இப்போ எத்தனை மணிக்கு?"

"அதே மூணரைதான் மாமி."

வந்தாள். கழுத்தை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். இடப் பக்கம் பாதி தூரம்தான் போயிற்று. ஒரு வாரம் உட்கார்ந்து மூச்சு மட்டும் பழகச் சொன்னேன். அடுத்த வாரம் மற்றவர்கள் காலைத் தூக்கியபோது அவளும் படுத்தாள்.

"நீங்க வேண்டாம் மாமி."

"நன்னாத்தான் இருக்கேன்டி. டாக்டரே சொல்லிட்டார்."

"சொல்லியிருக்கலாம். நான் விடமாட்டேன்."

மாமி படுத்தபடியே என்னைப் பார்த்தாள். நான் நகரவில்லை.

"சுவத்துல சாச்சு வெச்சுக்கட்டுமா? காலை மட்டும்?"

"வெச்சுக்கோங்கோ. தலைக்குக் கீழ துணி மடிச்சுத் தரேன்."

அவளுக்கு நான் கடைசிவரை சர்வாங்காசனம் கொடுக்கவே இல்லை. அவளும் கேட்பதை நிறுத்தினாள். கழுத்து முக்கால்வாசி திரும்பும் அளவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் நாங்கள் செம்பூருக்குக் குடிபோனோம். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஒரு மாதத்தில் மூன்று பேர் ஆசனம் கற்றுக்கொள்ள வந்தார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். மாமியின் கணவர்தான் தன் ஆபீஸில் செம்பூர்க்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். "எங்காத்துல அவகிட்டதான் கழுத்தைச் சுளுக்கிண்டா. தப்பை ஒத்துக்கறவ. பயமில்லாம அனுப்பலாம்" என்றாராம்.

நாலு வருஷத்தில் அந்த மூன்று பேர் பதினொரு பேர் ஆனார்கள். புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் ஆசனம் கிடையாது. கழுத்து, முதுகு, தலைசுற்றல், மாதவிலக்கு எல்லாம் விசாரிப்பேன். ஒருமுறை மாமியாரோடு வந்த புதுப்பெண் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றாள். ஆனால் கை வயிற்றருகே போய்ப் போய் வந்தது. தண்ணீர் எடுத்துவரலாம் என்று சொல்லி அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தனியாகக் கேட்டேன்.

"குளிச்சு நாப்பது நாள் ஆச்சு மாமி" என்றாள். "இன்னும் ஆத்துல யாருக்கும் சொல்லலை."

என்னை மாமி என்று கூப்பிடும் வயது வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். பெண்ணுக்கு உடம்பில் சூடு அதிகம், சேரவேண்டுமானால் ஒரு வருஷம் போகட்டும் என்று மாமியாரிடம் சொல்லி அனுப்பிவைத்தேன். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் அன்று வகுப்பைப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் ஆரம்பிக்க முடிந்தது.