சந்தனம் அடைத்த வெளி

வெளியையே வடிவாகக் கொண்ட அம்பலவாணன் திருவடி போற்றி.

அன்று ஆயுதபூசை. திருவொற்றியூரில் என் மகள் மங்கை நடத்தும் பட்டறையில் பூசை செய்வது என் வழக்கம். மின்படகின் கட்டுப்பாட்டுப் பெட்டி சூடேறாமல் காக்க, அலுமினியப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அவள் அச்சிட்ட குளிர்விப்பான் மேசைமேல் இருந்தது. தேன்கூடு போல உள்ளெல்லாம் துளைகள். முகத்துவாரக்குப்பத்துப் படகுக்காரர் மாலையில் சோதனை பார்க்க வருவார், பிடித்தால்தான் வாங்குவார்.

தெய்வத் திருமேனிக்குச் சாத்துவது போல அதன்மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசினேன். வெளியே தெரிந்ததைத் துடைத்துவிட்டு, மகளின் கூட்டாளி பஷீர் அதைப் பெட்டியில் பொருத்தினார்.

மாலையில் மோட்டார் ஓடியது. சற்று நேரத்தில் சூடு ஏறிப் பெட்டி தானே அணைந்தது. மங்கையின் முகம் வாடிற்று. பஷீர் துளைகளுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“இன்னா நைனா, பூசை பண்ண சொன்னா மூக்க அடச்சி வச்சிகீறீங்க! காத்து எப்டி பூந்து வரும்?”

நான் கூசி நின்றேன். படகுக்காரர் சிரித்தார்.

“நல்லதாப் போச்சு பெரியவரே. எங்க முகத்துவாரத்துல உப்பும் அனல்மின் நிலையத்து சாம்பலும் இதே மாரிதான் அப்பிக்கும். தங்கச்சி, ஓட்டைய கொஞ்சம் பெருசா வுட்டுக் குடு, வாங்கிக்கறேன்.”

அவ்வாறே செய்தாள், இன்று அது அவர் படகில் ஓடுகிறது.

குளிர்விப்பது உலோகம் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். அதனுள் இருக்கும் வெறுமையில் ஓடும் காற்றல்லவா சூட்டைச் சுமந்து செல்கிறது! தில்லையில் வெட்டவெளியைத் தொழுகிற நான், பட்டறையில் அதே வெளியை அடைத்துவிட்டேன். இப்போதெல்லாம் மங்கை அச்சிடும் பொருள்களின் எதிரே கைகூப்புவதோடு சரி.

இதைப் படிக்கும் யாவர் நெஞ்சிலும் காற்றோடும் இடம் குறையாதிருக்க அவன் அருள்வானாக.