பிஎச்பிக்குப் பூப்போட்டுப் பார்த்தது

அன்றைக்கு அரியலூர் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர்கள்: முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி, நான். நடுவில் லோடு கேட்டு வந்த டிரைவர் ஒருவர். சுவரில் படமாக இருந்த குலதெய்வத்தையும் சேர்த்தால் ஆறு. என்றைக்காவது பஞ்சாயத்து என்று வந்தால் யார் யார் சாட்சி சொல்வார்கள் என்ற பயத்தில் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பத்தாவதைப் பாதியில் விட்டவன் நான். பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து, வீடியோ பார்த்துக் கற்றதை வைத்து வெப்சைட் செய்து பிழைக்கிறேன். உருப்படியாகத் தெரிந்தது பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழி ஒன்றுதான். அந்த மாதம் வேறு வேலை இல்லை. இந்த லாரி ஆபீஸ் வேலையும் கைநழுவினால் மாடியைக் காலி செய்துவிட்டு மாமனாரின் வெங்காயக் காட்டுக்குப் போகவேண்டியதுதான். அங்கே எனக்காக ஒரு மண்வெட்டியே வாங்கி வைத்திருந்தார்கள்.

வேலை இதுதான். சிமெண்ட் லோடுக்கு நிற்கும் லாரிகளின் வரிசையை டிரைவர்கள் போனிலேயே பார்க்கவேண்டும். வரிசை டேட்டாபேஸில் இருக்கும். டிரைவர் கேட்க, உள்ளே போய்ப் பார்த்து எடுத்து வந்து கொடுக்கிற ஆள்தான் சர்வரில் ஓடும் மொழி. புக்கிங் ஆபீஸ்காரர் செய்கிற அதே வேலை, டீ செலவு மட்டும் கிடையாது.

முதலாளி தலையாட்டும் நேரத்தில்தான், சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் அவர் மைத்துனர் வாயைத் திறந்தார்.

“இந்தக் காலத்துல யாரு மாமா பிஎச்பில பண்றா? பைத்தான்ல பண்ணச் சொல்லுங்க. பத்து லட்சம் பேரு ஒரே நேரத்துல பாத்தாலும் தாங்கும்.”

“நம்மகிட்ட இருக்கறது நாப்பது லாரிடா” என்றார் முதலாளியின் மனைவி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்கும் அவர் அக்காதான்.

என்னிடம் நல்ல பதில் இருந்தது. மலிவான சர்வரிலும் பிஎச்பி ஓடும். எழுதியதை ஏற்றிவிட்டால் போதும். ஆனால் படித்தவர் எதிரில் என் நாக்கு வேலை செய்வதில்லை. “ரெண்டுமே நல்லதுதாங்க” என்று சொல்லித் தொலைத்தேன்.

முதலாளி மேசையைத் தட்டினார். “அப்பறம் என்ன, பூப்போட்டுப் பாத்துருவோம். எந்தக் கம்பெனி லாரி வாங்கறதுன்னே நான் அப்படித்தான் முடிவு பண்ணேன். செவப்பு வந்தா பிஎச்பி, வெள்ளைன்னா மாப்ள சொல்றது.”

“ஐயோ, என்னைய வுட்ருங்க மாமா” என்று மைத்துனர் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். முதலாளி கற்பூரம் தேடினார். பொட்டலம் மடிக்கிற வேலை என் கைக்கு வந்தது. படத்து மாலையில் சிவப்பு அரளியும் வெள்ளைச் சம்பங்கியும் இருந்தன. எனக்கு விரல் நடுங்கியது. நடுக்கத்தில் இரண்டு பொட்டலத்திலும் அரளியே விழுந்துவிட்டது. விழுந்தது என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்போதுதான் டிரைவர் நுழைந்தார். “லோடு இருக்காண்ணே?”

“இருக்கு. மொதல்ல சாமியக் கும்புட்டு இதுல ஒண்ண எடு.”

“எதுக்குண்ணே? என்னைய எதுலயும் மாட்டி வுட்ராதீங்க.”

எடுத்தார். பிரித்தார். அரளி. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாத்தியா மாப்ள? ஒங்க மேனேஜரவிடப் பெரிய ஆளு சொல்லிட்டாரு.”

மற்ற ஆண்கள் மூவரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள். நான் மட்டும் செருப்பைத் தேடுவதுபோல் பின்தங்கி, மிச்சப் பொட்டலத்துக்குக் கை நீட்டினேன். அக்காவின் கை முந்திக்கொண்டது. பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார்.

“சாமிக்கும் ஒனக்குத் தெரிஞ்சது மட்டுந்தான் தெரியும்போல.”

எனக்கு மண்வெட்டி கண்ணில் தெரிந்தது.

“அக்கா, நான் வந்து...”

“அழுவாத. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு ஒனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா இத யாரு பாப்பா?”

“பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல கல்ல வுட்டெறிஞ்சா பிஎச்பி தெரிஞ்சவன் மேலதான்க்கா வுழும்.”

“இத அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? எதுக்கு சாமிய இழுத்த?” பொட்டலத்தை மடித்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். “அவருகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா பணத்துல ஒரு பங்கு எங்கிட்ட நிக்கட்டும். ஒரு வருஷம் நிக்காம ஓடட்டும், தரேன்.”

ஒரே வாரத்தில் டிரைவர்கள் பழகிவிட்டார்கள். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததே எனக்குக் கவலையாகி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருநாள் காலை பத்து மணிக்குப் பிஎச்பியைப் புதுப்பதிப்புக்கு மாற்றினேன். ஏழு நிமிடம் வரிசை வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. எட்டாவது நிமிடம் அக்கா போன்.

“நின்னுச்சா?”

“ஏழே நிமிசங்க்கா.”

“அப்ப இன்னையிலேருந்து ஒரு வருஷம்.”

அதற்கப்புறம் இப்படி இரண்டு முறை கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் நான் முன்ஜாக்கிரதையாகக் கைவைத்ததால்தான். அவரிடம் நிற்கிற பாக்கி எட்டாயிரம் ரூபாய்.